அசெம்பிள் செய்த கணினி ஆன் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே பொருத்திய கணினி முதல் தடவை ஆன் ஆகாமல் அடம்பிடிப்பது சாதாரணமாக நடப்பதுதான். பெரும்பாலும் எந்தப் பாகமும் பழுதாகியிருக்காது. ஒரு கேபிள் விடுபட்டிருக்கும், ராம் ஒரு பக்கம் மட்டும் ஏறாமல் நின்றிருக்கும், மானிட்டர் கேபிள் தவறான இடத்தில் செருகப்பட்டிருக்கும். அதனால் புதுப் பாகம் வாங்கும் யோசனையைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். இங்கே சொல்லியிருப்பவை ஏறக்குறைய எல்லா ஏடிஎக்ஸ் வகைக் கணினிகளுக்கும் (டெஸ்க்டாப் பாகங்களின் பொது அளவு முறை) பொருந்தும். பின்களின் வரிசை, ஸ்லாட் பெயர் போன்றவற்றில் உங்கள் மதர்போர்டின் கையேடு வேறுவிதமாகச் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

ஆன் ஆகவில்லை என்றால் முதலில் எதைச் சோதிப்பது?

எதையும் கழற்றுவதற்கு முன், அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கவனியுங்கள். பட்டனை அழுத்தியும் ஒரு அசைவுமே இல்லையென்றால் மின்சாரமோ பட்டன் இணைப்போ போய்ச் சேரவில்லை. ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட், அல்லது பிராசசருக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் குறை. ஃபேன் எல்லாம் ஓடி, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் ராம், கிராபிக்ஸ், பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்க போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) மூன்றில் ஒன்று. திரையில் எழுத்து வந்து, விண்டோஸ் வரவில்லை என்றால் வன்பொருள் பெரும்பாலும் நலம். டிஸ்க் பக்கம் பாருங்கள். இந்த நான்கில் எது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

கேபினட்டுக்குள் கை வைக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பின்னால் உள்ள சுவிட்சை அணைத்து, பவர் கேபிளையும் பிடுங்குங்கள். பிறகு கணினியின் பவர் பட்டனை 10 முதல் 15 நொடி அழுத்திப் பிடித்தால் போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். போர்டில் எரியும் சிறு விளக்கு அணைந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை அவ்வப்போது தொட்டுக்கொண்டு வேலை செய்தால் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் போய்விடும். கம்பளி விரிப்பின்மேல் நின்றுகொண்டு இந்த வேலை வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணத்துக்கும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. ஃபேன்கூட அசையவில்லை. ஏன்?

சுவரிலிருந்து உள்ளே போகும் வரிசையிலேயே வாருங்கள். அதே பிளக் பாயின்ட்டில் வேறு ஒரு சாதனத்தைப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி இருந்தால் அதை விட்டுவிட்டு நேரே சுவரில் செருகுங்கள். எஸ்எம்பிஎஸ் சுவிட்ச், கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். வட்டம் என்றால் அணைந்திருக்கிறது. இதைச் சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த ஒரு சுவிட்சால் வீணாகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. சில பழைய, மலிவான எஸ்எம்பிஎஸ்களில் 115 / 230 என்று ஒரு சிவப்புச் சுவிட்சும் இருக்கும். 230 வோல்ட் மின்சாரத்தில் அது 115-இல் இருந்தபடி ஆன் செய்தால் எஸ்எம்பிஎஸ் வெடித்துப் போகும். ஆன் செய்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியது இது.

அடுத்தது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் 24 பின் கனெக்டர். இது போர்டில் ஏறுவது கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இருக்கும். கொக்கி சொடக்கென்று விழும்வரை அழுத்த வேண்டும். போர்டு வளையாமல் இருக்க விளிம்பைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். கேபிள்கள் தனியாகக் கழலும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் மறுமுனையையும் பாருங்கள். போர்டு பக்கம் இறுக்கமாக இருந்து, எஸ்எம்பிஎஸ் பக்கம் தளர்ந்திருப்பது உண்டு.

இவ்வளவும் சரி, போர்டில் ஒரு விளக்கும் எரிகிறது, பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் கேபினட்டின் முன்பக்கப் பட்டன் ஒயர்தான் முதல் சந்தேகம்.

முன்பக்கப் பட்டன் ஒயர்களை எந்தப் பின்னில் போட வேண்டும்?

போர்டின் கீழ் வலது மூலையில் இரண்டு வரிசையாக 9 பின்கள் நிற்கும்; பத்தாவது பின் இருக்க வேண்டிய இடம் காலி. அந்தக் காலி இடத்தை வைத்துத் திசையைக் கண்டுபிடிக்கலாம். பெரும்பாலான போர்டுகளில் 1, 3 டிஸ்க் விளக்குக்கு. 2, 4 பவர் விளக்குக்கு. 5, 7 ரீசெட் பட்டனுக்கு. 6, 8 பவர் பட்டனுக்கு. ஒற்றை எண்கள் ஒரு வரிசை, இரட்டை எண்கள் இன்னொரு வரிசை. பட்டன்களுக்கு நேர், எதிர் கிடையாது, எப்படிச் செருகினாலும் வேலை செய்யும். விளக்குகளுக்கு உண்டு; மாற்றிப் போட்டால் எரியாது, அவ்வளவுதான், எதுவும் கெட்டுப்போகாது.

பட்டன்மேல் சந்தேகம் இருந்தால் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, மின்சாரம் இருக்கும்போதே 6, 8 பின்கள் இரண்டையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். பட்டன் செய்வதும் இதே வேலைதான். அங்கே இருப்பது மிகக் குறைந்த மின்னழுத்தம் என்பதால் ஷாக் அடிக்காது. ஆனால் பக்கத்துப் பின்களில் நுனி படக்கூடாது. இப்படித் தொட்டதும் கணினி ஓடினால் போர்டில் கோளாறில்லை. மாற்றுப் பட்டன் கிடைக்கும்வரை ரீசெட் பட்டனின் ஒயரை 6, 8-இல் போட்டுப் பவர் பட்டனாகப் பயன்படுத்துங்கள்.

எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறதா என்று தனியாகச் சோதிக்க முடியுமா?

முடியும். மின்சாரத்தைத் துண்டித்து, எல்லாப் பாகங்களிலிருந்தும் அதன் கேபிள்களைப் பிடுங்குங்கள். ஒரு கேபினட் ஃபேனை மட்டும் எஸ்எம்பிஎஸ்ஸின் மோலெக்ஸ் அல்லது சாட்டா முனையில் (டிஸ்க், ஃபேன் போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் முனைகள்) இணைத்துவையுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது 16-ஆவது பின். அதன் பக்கத்தில் உள்ள கறுப்பு ஒயரோடு, அதாவது 17-ஆவது பின்னோடு, ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்துச் செருகி இணைத்துவிட்டு, பிறகே பிளக்கைப் போட்டுச் சுவிட்சை ஆன் செய்யுங்கள். ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் குறைந்தபட்சம் கண் விழிக்கிறது. ஒயர்கள் எல்லாமே கறுப்பாக இருந்தால் ஊகத்தில் செருக வேண்டாம். எஸ்எம்பிஎஸ் கையேட்டில் உள்ள பின் படத்தைப் பார்த்து எண்ணுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்த ஃபேன் சுற்றவில்லை என்பதை மட்டும் வைத்து அது செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இப்போது வரும் பல மாடல்களில் சூடு ஏறும்வரை ஃபேன் ஓடாது. வெளியே ஒரு ஃபேனை இணைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

மல்டிமீட்டர் இருக்கிறது. எவ்வளவு காட்ட வேண்டும்?

மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரில் வையுங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை வந்தால் சரி. இது 5 சதவீத ஏற்ற இறக்கத்துக்கான அளவு. ஊதா ஒயரில் கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் பயனில்லை. சாம்பல் நிற ஒயர், மின்சாரம் நிலையாகிவிட்டது என்று போர்டுக்குத் தெரிவிப்பது. ஆன் ஆன அரை நொடிக்குள் அதில் 5 வோல்ட் அளவுக்கு வர வேண்டும். வராவிட்டால் மற்ற எல்லா அளவும் சரியாக இருந்தும் போர்டு கிளம்பாது.

சுமை இல்லாமல் சரியாகக் காட்டும் எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு இழுக்கும்போது தடுமாறலாம். எனவே இந்தச் சோதனையில் தோற்றால் எஸ்எம்பிஎஸ் கெட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். தேறினால் முழுக்க நல்லது என்று சொல்ல முடியாது.

ஒரு நொடி ஓடி நின்றுவிடுகிறது. சில சமயம் தானாகவே திரும்பத் திரும்ப ஓடி நிற்கிறது. என்ன காரணம்?

முதலில் பார்க்க வேண்டியது பிராசசருக்கான தனி மின் இணைப்பு. போர்டின் மேல் இடது மூலையில், பிராசசரைக் குளிர்விக்கும் ஹீட்சிங்கின் நிழலில் ஒளிந்திருக்கும் 8 பின் சாக்கெட் அது. 24 பின்னைப் போட்டதும் வேலை முடிந்ததென்று நினைத்து இதை விட்டுவிடுபவர்கள் நிறைய. இதற்கான கேபிள் 4, 4 என்று இரண்டாகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கான கேபிள் 6, 2 என்று பிரியும். இரண்டும் 8 பின்தான், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர் வரிசையில் இருக்கின்றன. பிளாஸ்டிக் வடிவம் வேறுபடுவதால் சுலபமாக ஏறாது. ஏறவில்லையே என்று பலத்தைக் காட்டினால் ஷார்ட்தான். சில போர்டுகளில் 8 பின் பக்கத்திலேயே இன்னொரு 4 பின் அல்லது 8 பின் இருக்கும். அது அதிக ஓவர்கிளாக்குக்கானது, அதாவது பிராசசரை இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கு. காலியாக இருந்தாலும் கணினி கிளம்பும்.

மாடுலர் கேபிள்களை வேறு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் உடனே கழற்றுங்கள். போர்டு பக்கத்து முனைக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒரே நிறுவனத்தின் மாடல்களுக்குள்ளும் மாறும். கேபிள் அழகாகப் பொருந்தும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க்கை எரித்துவிடும்.

மூன்றாவது, போர்டின் அடியில் ஷார்ட். போர்டைக் கேபினட் தகட்டிலிருந்து தூக்கிப் பிடிக்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள், ஸ்க்ரூ துளைக்கு நேரே மட்டும் இருக்க வேண்டும். முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டுக்குப் பொதுவாக 9. சிறிய போர்டைப் பெரிய கேபினட்டில் போட்டவர்கள், துளையில்லாத இடத்தில் மிச்சமாக நிற்கும் ஸ்டாண்ட்ஆஃபைக் கழற்ற மறந்திருப்பார்கள். அது போர்டின் பின்புற சால்டரில் முட்டும். கீழே விழுந்து தேடாமல் விட்ட ஸ்க்ரூ, பின்பக்கத் தகட்டிலிருந்து யுஎஸ்பி துளைக்குள் மடிந்த உலோக நாக்கு இவையும் இதே விளைவைத் தரும். கேபினட்டின் முன்பக்க யுஎஸ்பி ஒயரையும் ஒரு முறை பிடுங்கிப் பாருங்கள். நீல நிற 19 பின் கனெக்டரைச் சாய்வாகச் செருகினால் பின் வளைந்து பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடும்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. புதுக் கணினி முதல் தடவையும், பயாஸ் அமைப்பை மாற்றிய பிறகும், ஓடி நின்று மீண்டும் ஓடுவது வழக்கம்தான். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு திரை வந்தால் கவலையில்லை.

ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, விளக்கெல்லாம் எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. இதற்கு எங்கிருந்து தொடங்குவது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம். மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். அதன் மெனுவில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா? இருந்தால் கேபிளின் மறுமுனை எங்கே போகிறது என்று பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிள் அந்தக் கார்டின் துளையில்தான் இருக்க வேண்டும், மேலே மதர்போர்டின் துளையில் அல்ல.

தனிக் கார்டு இல்லாதவர்கள் பிராசசரின் பெயரைப் பாருங்கள். இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்டியின் ரைசனில் 5000 வரிசை வரைக்கும், எண்ணுக்குப் பின்னால் ஜி என்று இருப்பவற்றில்தான் கிராபிக்ஸ் உண்டு. 7000 வரிசையிலிருந்து எஃப் என்று முடிபவை தவிர மற்றவற்றில் சிறிய அளவில் உண்டு. கிராபிக்ஸ் இல்லாத பிராசசரை வைத்துக்கொண்டு போர்டின் ஹெச்டிஎம்ஐ துளையில் படம் தேடினால் எந்நாளும் வராது. போர்டில் துளை இருக்கிறதே என்று கேட்கலாம். உள்ளே கிராபிக்ஸ் உள்ள பிராசசர் போடுபவர்களுக்காக வைத்த துளை அது.

இது தீர்ந்தால் ராம். டிடிஆர்5 வகை ராம் போடும் போர்டு என்றால் கழற்றுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். முதல் தடவை ஆன் செய்யும்போது ராமின் வேகத்துக்கும் நேர அளவுக்கும் போர்டு தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில், அதிலும் பெரிய கொள்ளளவு ராம் போட்டால், இதற்குப் பல நிமிடம் ஆகும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், ராம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பொறுமையிழந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 15 நிமிடம் அப்படியே விட்டுவையுங்கள். அதற்கும் வராவிட்டால்தான் ராமைத் தொட வேண்டும்.

ராமைச் சரியாகத்தானே போட்டிருக்கிறேன், எதற்குத் திரும்பப் போடச் சொல்கிறார்கள்?

ஏனென்றால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும் ராம் ஒரு முனையில் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது. ஸ்லாட்டின் ஒரு பக்கம் மட்டும் கொக்கி இருக்கும் போர்டுகளில் மறுபக்கம் முழுதாக இறங்கியதா என்று தெரியாது. ராமைக் கழற்றி, இரண்டு முனையிலும் கட்டைவிரலால் தனித்தனியாக அழுத்துங்கள். நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிக பலம் தேவைப்படும்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். கையேட்டில் ஏ2, பி2 என்று இருக்கும். முதல் ஸ்லாட்டிலிருந்து வரிசையாக நிரப்பினால் சில போர்டுகள் கிளம்பவே கிளம்பாது. சோதிக்கும்போது ஒரே ஒரு ராமை ஏ2-இல் போடுங்கள். வரவில்லையென்றால் அடுத்த ராமை அதே ஸ்லாட்டில் போடுங்கள். அதன்பிறகே ஸ்லாட்டை மாற்றுங்கள். ராமையும் ஸ்லாட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கோளாறு எதில் என்று கடைசிவரை தெரியாது.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின் என்றாலும் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று ஏறாது.

போர்டில் ஒரு சின்ன விளக்கு நிலையாக எரிகிறது. பீப் சத்தமும் வருகிறது. இவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?

பல போர்டுகளில் 24 பின் பக்கத்தில் நான்கு சிறு விளக்குகள் இருக்கும்: பிராசசர், ராம், கிராபிக்ஸ், பூட் (டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் தொடங்குவது). ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணைவது இயல்பு. எது அணையாமல் நிற்கிறதோ அந்த இடத்தில் சோதனை தேங்கிவிட்டது. ஆனால் விளக்கு சுட்டும் பாகமே குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ராம் விளக்கு எரியும்போது கோளாறு பிராசசர் சாக்கெட்டில் வளைந்த பின்னாக இருக்கலாம். ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்குள்தான் இருக்கிறது.

இரண்டு இலக்க எண் காட்டும் போர்டுகள் விலை அதிகமானவை. அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் பயாஸ் உள்ளவற்றில் 55 என்றால் ராம் கிடைக்கவில்லை, டி6 என்றால் படம் காட்டும் சாதனம் கிடைக்கவில்லை. பீப் சத்தத்துக்கு இப்படிப் பொது விதி சொல்ல முடியாது, பயாஸுக்குப் பயாஸ் மாறும். கையேட்டில் பார்ப்பதே நல்லது. இப்போதைய கேபினட்களில் ஸ்பீக்கர் வருவதில்லை, எனவே பீப் கேட்கவில்லை என்பதை வைத்து எதுவும் முடிவு செய்யவும் முடியாது. போர்டில் செருகும் குட்டி ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது.

எல்லாம் புதுசு, எல்லாம் பொருந்துகிறது, ஆனால் பிராசசர் விளக்கு அணையவில்லை. பயாஸ் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். சாக்கெட்டில் பொருந்துவது வேறு, போர்டு அந்தப் பிராசசரை அடையாளம் காண்பது வேறு. பிராசசர் சந்தைக்கு வருவதற்கு முன் தயாரான போர்டில் அதற்கான பயாஸ் இருக்காது. பி450 போர்டில் ரைசன் 5000, இன்டெல் 600 வரிசைப் போர்டில் 13 அல்லது 14-ஆம் தலைமுறை, ஏஎம்5 600 வரிசைப் போர்டில் ரைசன் 9000 ஆகிய ஜோடிகளில் இது அடிக்கடி வரும். உற்பத்தியாளரின் தளத்தில் உங்கள் போர்டின் பிராசசர் பட்டியலைத் திறந்தால், எந்தப் பயாஸ் எண்ணிலிருந்து ஏற்கும் என்று போட்டிருப்பார்கள்.

போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ் பட்டன் இருந்தால் பிராசசரே இல்லாமலும் புதுப்பிக்கலாம். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, பயாஸ் கோப்பை அன்ஜிப் செய்து, கையேடு சொல்லும் பெயரை அதற்கு வைத்து, அடையாளம் போட்ட யுஎஸ்பி துளையில் செருகுங்கள். 24 பின்னும் 8 பின்னும் இணைந்திருக்கட்டும். பட்டனைச் சுமார் 3 நொடி அழுத்தினால் விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கும். அது தானாக நிற்கும்வரை சில நிமிடம் எதையும் தொடாதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் பயாஸ் பாதியில் நின்றுவிடும் என்றாலும், இந்தப் பட்டன் உள்ள போர்டில் மறுபடி செய்துகொள்ளலாம். விளக்கு சில நொடியிலேயே நின்றுவிட்டால் கோப்பின் பெயரோ ஃபார்மேட்டோ தவறு. பட்டன் இல்லாத போர்டில், அது ஏற்கும் பழைய பிராசசர் ஒன்றை இரவல் வாங்கித்தான் புதுப்பிக்க வேண்டும்.

சிமாஸ் கிளியர் (பயாஸ் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்புவது) செய்யச் சொல்கிறார்கள். எப்போது, எப்படி?

ராமின் வேகத்தைக் கூட்டிய பிறகு, எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ராமை அதிக வேகத்தில் ஓட்டும் தயார் அமைப்புகள்) ஆன் செய்த பிறகு, பிராசசர் மாற்றிய பிறகு திரை வரவில்லையென்றால் இதுதான் முதல் மருந்து. பவர் கேபிளைப் பிடுங்கி, போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி 10 நிமிடம் கழித்துப் போடுங்கள். அல்லது கையேட்டில் காட்டிய இரண்டு பின்களைச் சுமார் 10 நொடி ஸ்க்ரூடிரைவரால் இணையுங்கள். பேட்டரியைக் கழற்றியபோதே மீட்டரில் அளந்துவிடுங்கள். புதிதில் 3 வோல்ட் இருக்கும், 2.5-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடலாம். கிளியர் செய்த பிறகு முதல் தடவை திரை வரத் தாமதமாகும்.

இதெல்லாம் பார்த்தாயிற்று. இன்னும் வரவில்லை. அடுத்து?

எல்லாவற்றையும் கேபினட்டுக்கு வெளியே எடுங்கள். சோம்பலாக இருக்கும், ஆனால் மற்ற எந்த வழியைவிடவும் இதில்தான் விடை சீக்கிரம் கிடைக்கிறது. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டை வையுங்கள். அது சுற்றி வந்த நிலைமின்சாரத் தடுப்புப் பைமேல் வைக்காதீர்கள். அந்தப் பையின் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது.

1. பிராசசர், ஹீட்சிங்க், அதன் ஃபேன், ஏ2-இல் ஒரே ஒரு ராம், 24 பின், 8 பின். வேறு எதுவும் வேண்டாம். பிராசசரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் மட்டும் கார்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
2. பவர் பட்டன் பின்களை ஸ்க்ரூடிரைவரால் தொட்டு ஆன் செய்யுங்கள்.
3. திரை வந்தால் அணைத்துவிட்டு ஒன்றைச் சேருங்கள்: இரண்டாவது ராம், பிறகு கார்டு, பிறகு டிஸ்க், பிறகு கீபோர்டு தவிர்த்த யுஎஸ்பி சாதனங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஆன் செய்து பாருங்கள்.
4. எல்லாம் சேர்ந்தும் வெளியே ஓடி, கேபினட்டுக்குள் வைத்ததும் நின்றால் கோளாறு கேபினட்டில். ஸ்டாண்ட்ஆஃப், முன்பக்க ஒயர்கள் இரண்டையும் மறுபடி பாருங்கள்.

முதல் படியிலேயே ஓடவில்லையென்றால் மிஞ்சுபவை நான்குதான் (கார்டும் சேர்த்திருந்தால் அதுவும்): எஸ்எம்பிஎஸ், போர்டு, பிராசசர், அந்த ஒரு ராம். இவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸையும் ராமையும் இரவல் வாங்கி மாற்றிப் பார்ப்பது சுலபம். மீதி இரண்டில் பிராசசர் பழுதாகியிருப்பது அபூர்வம். போர்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பிராசசர் பின் வளைந்திருந்தால் காப்பாற்ற முடியுமா?

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் பிராசசர்களில் 1331 பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. இன்டெலின் எல்ஜிஏ1700, ஏஎம்டியின் ஏஎம்5 இரண்டிலும் பின்கள் சாக்கெட்டில். பிராசசரில் உள்ள பின் வளைந்தால், மெல்லிய பிளேடு அல்லது எழுதும் குச்சியை எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் நுனியால் மெதுவாக நிமிர்த்தலாம். பெரும்பாலும் பிழைத்துவிடும். சாக்கெட்டில் உள்ளவை முடியைவிடக் கொஞ்சம் தடிமன்தான். பூதக்கண்ணாடியும் நடுங்காத கையும் இல்லாமல் தொட வேண்டாம். ஏஎம்4-இல் ஹீட்சிங்கைக் கழற்றும் முன் கணினியைச் சில நிமிடம் ஓட்டி, ஹீட்சிங்குக்கும் பிராசசருக்கும் நடுவில் உள்ள பேஸ்டைச் சூடாக்குங்கள். ஓடாத கணினி என்றால் ஹீட்சிங்கை இடமும் வலமுமாகத் திருகித் தளர்த்திய பின் தூக்குங்கள். நேரே இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளைவது அப்போதுதான்.

திரை வருகிறது, ஆனால் ஒன்றிரண்டு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது.

சூடு. ஹீட்சிங்கின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? பேஸ்ட் வைத்தீர்களா? நான்கு மூலையும் சமமாக இறுகியிருக்கிறதா? நீர்க்குளிர்விப்பு என்றால் பம்ப் ஒயர் இணைந்திருக்கிறதா? பயாஸுக்குள் போய் வெப்பநிலையைப் பாருங்கள். பயாஸில் சும்மா இருக்கும்போது 40, 50 டிகிரி காட்டினால் சரி. கண்ணெதிரே 90-ஐத் தாண்டி ஏறினால் அணைத்துவிட்டு ஹீட்சிங்கைக் கழற்றிப் பொருத்துங்கள். பல பிராசசர்களின் வரம்பு 95 முதல் 100 டிகிரிக்குள் இருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டைப் போட்டால் மட்டும் திரை வரவில்லை.

கார்டின் மேல் விளிம்பில் உள்ள மின் சாக்கெட்டுகள் அனைத்தும் நிரம்பியிருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுக்கும் கேபிள். புதிய 16 பின் கனெக்டர் என்றால் இடைவெளி துளியும் தெரியாதபடி உள்ளே போக வேண்டும். கனெக்டரை ஒட்டி 3.5 செ.மீ. தூரத்துக்கு ஒயரை வளைக்காதீர்கள். பாதி செருகியது உருகிப்போகும். கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் போட்டிருந்தால் அதைக் கழற்றி நேரே போர்டில் செருகிப் பாருங்கள். நேரே போட்டால் வந்தால், பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தைப் பிசிஐஇ 3.0-க்கு இறக்கிவிட்டு ரைசரை மாட்டுங்கள். பழைய ரைசர்கள் 4.0 வேகத்தைத் தாங்குவதில்லை.

எஸ்எம்பிஎஸ் வாட் போதவில்லையோ என்று பலர் உடனே சந்தேகிக்கிறார்கள். ஆன் ஆகும்போது கார்டு அதிகம் இழுக்காது. வாட் குறைவென்றால் கேம் ஓடும்போதுதான் பட்டென்று அணையும். திரையே வராமல் இருப்பதற்கு அது காரணமாவது குறைவு.

பயாஸ் வருகிறது. பிறகு பூட் செய்ய டிஸ்க் இல்லை என்கிறது.

புது டிஸ்க்கில் விண்டோஸ் இன்னும் போடவில்லையென்றால் அது பிழையே இல்லை. உங்கள் கணினி நன்றாக ஓடுகிறது, இன்ஸ்டால் பென் டிரைவைச் செருகுங்கள். போட்டிருந்தால் பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் எம்.2 டிஸ்க்கை (போர்டிலேயே செருகும் பட்டையான எஸ்எஸ்டி) சாய்வாகச் செருகி அழுத்தி ஸ்க்ரூ போட்டீர்களா, அந்த ஸ்லாட் உங்கள் டிஸ்க்கின் வகையை ஏற்குமா என்று சரிபாருங்கள். வேகமான என்விஎம்இ வகையை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகை எம்.2 தெரியாது. சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா துளைகள் வேலை செய்யாது. சாட்டா டிஸ்க்கை வேறு துளைக்கு மாற்றுங்கள். பெயர் தெரிந்தும் பூட் ஆகவில்லையென்றால், பழைய கணினியிலிருந்து கொண்டுவந்த டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கலாம். யுஇஎஃப்ஐ என்ற புதிய பயாஸ் முறையில் மட்டும் ஓடும் புதுப் போர்டு அதிலிருந்து பூட் செய்யாது. ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்ற வேண்டும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, இடம் மாற்றி வைத்ததிலிருந்து ஆன் ஆகவில்லை.

கனமான கிராபிக்ஸ் கார்டு பயணத்தில் ஸ்லாட்டிலிருந்து தளர்ந்திருக்கும். கார்டையும் ராமையும் கழற்றிப் போடுங்கள், 24 பின்னை ஒரு முறை அழுத்துங்கள். முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும்.

எந்தப் பாகம் பழுது என்று தெரிந்துவிட்டது. மாற்றித் தரக் கேட்கும்போது என்ன காட்ட வேண்டும்?

அந்தப் பாகத்தோடு ஓடாததும், அதை மட்டும் மாற்றினால் ஓடுவதும் ஒரே வீடியோவில் தெரிந்தால் பேச்சு குறையும். மதர்போர்டைத் திருப்பி அனுப்பும் முன் சாக்கெட் பின்களை நல்ல வெளிச்சத்தில் கிட்டத்திலிருந்து படமெடுத்து வையுங்கள், பிளாஸ்டிக் மூடியையும் திரும்ப மாட்டுங்கள். மூடியில்லாமல் வந்த போர்டை, பின் வளைந்திருக்கிறது என்று சொல்லி மறுப்பதுண்டு. சீரியல் எண் ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். ராம் ஜோடியாக வாங்கியது என்றால் ஒன்று மட்டும் பழுதானாலும் இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். ஜோடியாகச் சோதித்து விற்றதை ஜோடியாகத்தான் மாற்றித் தருவார்கள்.